மதுரையிலிருந்து ராமேஸ்வரம்: சைக்கிளை மாற்ற வேண்டாம், சீட்டை ஏற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. மதுரையில் பள்ளிக்கூட ஆசிரியர். கொரோனா சமயத்தில் வாங்கிய கியர் சைக்கிள் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் வரை போய் வருவேன். அதற்கு மேல் போனதில்லை. கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரோடு வரும் ஜனவரியில் ஒரே நாளில் ராமேஸ்வரம் போவதாக முடிவு செய்திருக்கிறோம். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதித்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. 70,000 ரூபாயில் எடை குறைந்த சைக்கிள் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா? காலைப் பலப்படுத்த ஜிம்முக்குப் போக வேண்டுமா? சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுக்கிறேன். "இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்" என்கிறார் மனைவி.
- ஒரு வாசகர், மதுரை

பதில்:

வணக்கம் சார். முதலில் உங்கள் 70,000 ரூபாயைக் காப்பாற்றிவிடுகிறேன். புது சைக்கிள் வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் சைக்கிளின் எடை காரணமில்லை. புது சைக்கிளிலும் இதே உயரத்தில் சீட்டை வைத்து இதே மாதிரி உட்கார்ந்தால் இதே முட்டி இதே இடத்தில் வலிக்கும். எடை குறைந்த சைக்கிளின் அருமை மலை ஏறும்போதுதான் தெரியும். ராமேஸ்வரம் போகும் வழியில் மேடு என்று சொல்ல மேம்பாலங்களும் பாம்பன் பாலமும்தான் இருக்கின்றன. கொடைக்கானல் போவதாக எழுதியிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

காலைப் பற்றியும் அவ்வளவு கவலை வேண்டாம். நான் பிசியோதெரபிஸ்ட், நெடுந்தூரம் சைக்கிளும் ஓட்டுகிறேன். முதல் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்களில் "கால் ஓய்ந்துவிட்டது" என்று சொல்பவர்கள் குறைவு. உட்கார முடியவில்லை, கை மரத்துவிட்டது, கழுத்து பிடித்துக்கொண்டது, வயிற்றைப் புரட்டியது என்பவர்கள்தான் அதிகம். மிதிப்பது சுலபம் சார். பதினோரு மணி நேரம் ஒரே ஆசனத்தில் இருப்பதுதான் கஷ்டம். உடம்பு சைக்கிளைத் தொடுவது மூன்று இடங்களில்: சீட், கைப்பிடி, பெடல். அந்த மூன்றையும், கூடவே வயிற்றையும் பழக்குவதுதான் உங்கள் பத்து வார வேலை.

முட்டியிலிருந்து தொடங்கலாம். உங்கள் சீட் தாழ்வாக இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வேன். நம்மில் பெரும்பாலோர் பழகியது அப்படி. சைக்கிளை நிறுத்தினால் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று நினைப்போம். கடைக்குப் போய்வர அது போதும். நெடுந்தூரத்துக்குப் போதாது. சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி தேவைக்கு மேல் மடங்கி, முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. மணிக்கு நாலாயிரம் முறைக்கு மேல் மடங்கி நிமிர்கிற மூட்டு அது.

ஒரு சோதனை செய்யுங்கள். சுவர் ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி, சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிவரை கொண்டுபோங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு மிதிக்கும்போது வைப்பதுபோலப் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி இலேசாக, 25 முதல் 35 டிகிரி வரை மடங்கி நிற்கும். அதுதான் உங்கள் உயரம். பின்னாலிருந்து நண்பர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் ஏற்றியது அதிகம். முட்டியின் பின்பக்கம் இழுத்தாலும் அதிகம்தான். மூன்று சென்டிமீட்டர் ஏற்ற வேண்டியிருந்தால் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். வாரம் அரை, முக்கால் சென்டிமீட்டராகப் போங்கள். தசைக்கும் பழக அவகாசம் வேண்டும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றப் பழகுங்கள். இரண்டு நாளில் கை வந்துவிடும்.

முட்டிக்கு இரண்டாவது எதிரி கனமான கியர். முக்கி முக்கி மிதிப்பதுதான் வீரம் என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. கியரை இலேசாக்கிக் காலை வேகமாகச் சுற்ற விடுங்கள். ஒரு காலை மட்டும் எண்ணினால் நிமிடத்துக்கு 75, 80 சுற்று வர வேண்டும். முதலில் காற்றில் மிதிப்பதுபோல அசட்டுத்தனமாக இருக்கும். நூறாவது கிலோமீட்டரில் அந்த அசட்டுத்தனத்துக்கு நன்றி சொல்வீர்கள்.

அப்புறம் விரல். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக வருகிறது. கைப்பிடியில் உடம்பைச் சாய்த்தால் நசுங்குவது அதுதான். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று ஒரு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், கைதான் அதைத் தாங்கும். சீட் மட்டமாக இருக்கட்டும். முழங்கையை விறைப்பாக நீட்டாமல் தளர்வாக மடக்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். நேரான ஹேண்டில்பார் என்றால் இரண்டு முனையிலும் கொம்பு மாதிரி ஒன்று பொருத்தித் தருவார்கள், சில நூறு ரூபாய்தான். கைக்கு இன்னொரு பிடி கிடைக்கும். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, விரலில் பலம் குறைந்து சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள்.

உட்காரும் இடம் பற்றிச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். சொல்லியாக வேண்டும். மெத்தென்ற ஜெல் உறை வாங்கிச் சீட்டின் மேல் மாட்டாதீர்கள். நம் எடையைத் தாங்க வேண்டியது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். சீட் மெத்தையாக இருந்தால் அந்த முனைகள் அமிழ்ந்து, நடுவில் இருக்கும் மென்மையான பகுதி நசுங்கும். பஞ்சை உடையில் வையுங்கள், சீட்டில் வேண்டாம். சைக்கிள் ஓட்டுவதற்கென்று அடியில் திண்டு வைத்துத் தைத்த கால்சட்டை கிடைக்கிறது, இரண்டு வாங்குங்கள். அதற்குள் ஜட்டி போடக் கூடாது. போட்டால் அதன் தையல்தான் தொடையை அறுக்கும். கிளம்பும் முன் உராயும் இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். செலவு செய்ய ஆசையென்றால் இங்கே செய்யுங்கள், அந்த 70,000-இல் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இந்தப் பாடத்தைச் சும்மா படிக்கவில்லை சார். என் முதல் நீண்ட பயணமும் இதே சாலைதான். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை புது சீட் ஒன்று வாங்கி மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. மானாமதுரையில் நெளிய ஆரம்பித்தேன். பார்த்திபனூரில் நின்றுகொண்டே மிதித்தேன். பரமக்குடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தபோது என் தம்பி குட்டி யானையோடு வந்து என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தான், அதுதான் பெரிய தண்டனை. பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எதையும் புதிதாக மாட்டாதீர்கள். சர்வீஸும் அப்படித்தான். புது பிரேக் கம்பியும் கியர் கம்பியும் முதல் சில நாளில் கொஞ்சம் இளகும். இரண்டு வாரம் முன்பே சர்வீஸ் முடித்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. ராமேஸ்வரம் சாலையிலேயே பழகுங்கள், வழியும் பழகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு மணி நேரம், ஞாயிறு நீண்ட ஓட்டம். திருப்புவனம் போய்த் திரும்பினால் 40 கிலோமீட்டரை ஒட்டி வரும், திருப்பாச்சேத்தி என்றால் சுமார் 60. மானாமதுரை வரை போனால் நூறுக்குக் கொஞ்சம் குறையும். இரண்டு ஞாயிறு கூட்டினால் மூன்றாவது ஞாயிறு குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தேறுவது ஓய்வில்தான். எட்டாவது வாரம் பார்த்திபனூர் வரை போய்த் திரும்புங்கள், 120 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதைச் செய்துவிட்டால் 170-உம் முடியும். பயண தூரம் முழுவதையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க அவசியமில்லை. கடைசி வாரம் கால் துறுதுறுவென்றுதான் இருக்கும், ஒன்றிரண்டு இலேசான ஓட்டத்தோடு நிறுத்திவிடுங்கள். முட்டிக்காக ஒரு பயிற்சி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் படியின் மேல் ஒரு காலில் நின்று, மற்றக் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மெதுவாக இறங்கி, மறுபடி நிமிர வேண்டும். காலுக்குப் பத்து முறை, வாரம் மூன்று நாள். வலித்தால் உயரம் குறைந்த படியில் செய்யுங்கள்.

வேகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மூன்று நண்பர்கள் சேர்ந்தால் முதல் முப்பது கிலோமீட்டரில் பந்தயம் வந்துவிடும். 'ஆடாக்ஸ்' என்று நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு உலகம் முழுக்க ஒரு முறை இருக்கிறது. பாரிஸில் உள்ள சங்கம் விதி வகுத்தது, இந்தியாவிலும் நடக்கிறது. அதில் 200 கிலோமீட்டருக்குத் தரும் நேரம் பதிமூன்றரை மணி. டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் இதற்குள் அடக்கம். அதாவது சராசரி மணிக்கு 15 கூட இல்லை. அந்தக் கணக்கில் உங்கள் 170-க்குப் பதினொன்றரை மணி நேரம் ஆகும். ஓடும்போது மணிக்கு 18 வந்தால் தாராளம். பக்கத்தில் வரும் நண்பரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம்.

இனிக் காற்று. ஜனவரியில் நம் பக்கம் வடகிழக்கிலிருந்து வீசும். ராமநாதபுரம் வரை சாலை தென்கிழக்காகப் போவதால் காற்று இடது பக்கம் அடிக்கும், அதிகத் தொந்தரவில்லை. ராமநாதபுரத்தைத் தாண்டி உச்சிப்புளி, மண்டபம் என்று சாலை கிழக்கே திரும்பத் திரும்ப அதே காற்று இடதுமுன் பக்கமாக முகத்துக்கு வரும். நேரம் ஏற ஏற பலமும் ஏறும். கடைசி 55 கிலோமீட்டர் வரைபடத்தில் சின்னதாகத் தெரிகிறது, உண்மையில் அதுதான் பயணம். அதுவரை உள்ள 115 கிலோமீட்டரை முன்னுரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மணிக்கு 15 வந்தால் போதும் என்று இப்போதே மனதைத் தயார் செய்யுங்கள். மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஓட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் முன்னால் வந்தால் பின்னால் இருப்பவருக்குக் காற்று குறையும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் முட்டாமல் இடைவெளி விட்டு இதையும் ஞாயிறுகளில் பழகுங்கள். பாம்பன் பாலத்தின் மேல் மட்டும் சேர்ந்து ஓட்ட வேண்டாம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் திறந்த கடல். பக்கக்காற்று சைக்கிளைத் தள்ளும். வேடிக்கை பார்க்க நிறுத்திய கார்களின் கதவு எப்போது திறக்கும் என்றும் தெரியாது. பாலத்தின் இணைப்புகளை நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் சக்கரம் வழுக்கும்.

அந்தச் சாலையில் காற்றுக்கு அடுத்த வில்லன் சீமைக்கருவேலம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் வண்டியோட்டும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த முள் சைக்கிள் டயரை ஊசி போல ஊடுருவும். சாலையோரத்தில் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே மணலோடு கிடப்பதில் முள்ளும் இருக்கும். கோட்டின் மேலேயே ஓட்டுங்கள், பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் ஒதுங்குங்கள். வழியில் பஞ்சர் கடைகள் உண்டு, ஆனால் உங்கள் டயர் அளவுக்கு டியூப் அங்கே கிடைக்காது. உங்களிடம் இருப்பது ஒல்லியான வால்வு என்றால் அவர்கள் பம்புக் குழாய் அதில் பொருந்தவும் செய்யாது. அதற்கென்று விரல் நுனி அளவில் ஒரு பித்தளை மூடி விற்கிறார்கள், மலிவுதான். அதைப் பொருத்தினால் எந்தக் கடையிலும் காற்று அடிக்கலாம். ஆளுக்கு இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், கைப்பம்பு, ஒட்டுப் பெட்டி. டியூபை மாற்றும் முன் டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடையுங்கள். முள் இருந்தால் துணியில் மாட்டும். அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டுவிட்டு, அடுத்த கிலோமீட்டரில் மறுபடி உட்கார்ந்து அழுதவர்கள் பலர். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதை வீட்டில் மூன்று முறையாவது செய்து பாருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பசிக்கும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டது. முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பழம், பேரீச்சை, கடலை மிட்டாய் எல்லாம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். மானாமதுரையில் காலைப் பலகாரம் இட்லியாக இருக்கட்டும். நெய்யில் மிதக்கும் பொங்கலும் வடையும் செரிக்க நேரம் எடுக்கும். மதியம் தயிர்சாதமும் ஊறுகாயும் போல ஒன்று கிடையாது, உப்பும் சேர்ந்து வருகிறது. புரோட்டாவை ராமேஸ்வரத்துக்குத் தள்ளிவையுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும். இரண்டு பாட்டில் வைத்து ஒன்றில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் என்று விற்பது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு. அதனால் உப்புக்கு அதையே நம்பாதீர்கள்.

சர்க்கரை விஷயத்தை நான் தீர்க்க முடியாது, உங்கள் டாக்டரிடம் போக வேண்டும். இந்த வாரமே போங்கள். 46 வயது, சர்க்கரை, பதினோரு மணி நேர உழைப்பு என்று மூன்றையும் சொல்லுங்கள். பி.பி., ஈ.சி.ஜி. பார்ப்பார், தேவையென்றால் டிரெட்மில் சோதனையும் எழுதுவார். மெட்பார்மின் மட்டும் என்றால் ஓட்டும்போது சர்க்கரை அதிகமாக இறங்குவது அரிது. அதோடு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் கதை வேறு. அன்றைய அளவை அவர்தான் மாற்றிச் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. வாழைப்பழமும் கடலை மிட்டாயும் எவ்வளவு என்பதையும் அவரிடம் கேளுங்கள். சோதனை மீட்டர் பையில் இருக்கட்டும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, தலை இலேசானால் ஓட்டுவதை நிறுத்திச் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், கால் மணி நேரம் ஓய்வு, மறுபடி சோதனை. உங்களுக்குச் சர்க்கரை இருப்பது இரண்டு நண்பர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சை அழுத்தினாலோ, காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ பயணம் அத்தோடு முடிந்தது, நேராக ஆஸ்பத்திரி.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது மகரவிளக்கு முடியட்டும். அதுவரை ஐயப்ப பக்தர்களின் வேன்கள் இரவெல்லாம் ஓடும், தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் டிரைவர் உங்கள் பின்விளக்கைப் பார்ப்பார் என்று நம்ப முடியாது. தை அமாவாசையை ஒட்டியும் வேண்டாம், ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது. காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். விடிய ஒன்றரை மணி நேரம் ஆகும், முன்விளக்கு, சிவப்புப் பின்விளக்கு, ஒளிரும் மேல்சட்டை மூன்றும் வேண்டும். ஹெல்மெட் கட்டாயம், அதில் பேச்சே இல்லை. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு ராமநாதபுரம் வந்துவிட்டால் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து போகலாம், ஐந்தரைக்குள் ராமேஸ்வரம். ஒன்றரைக்கும் ராமநாதபுரம் வந்து சேரவில்லை என்றால் அன்றைக்கு அங்கேயே அறை எடுங்கள். மீதியை மறுநாள் விடியற்காலையில், காற்று குறைவாக இருக்கும் நேரத்தில் ஓட்டலாம். இதை இப்போதே மூவரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் மூவரில் ஒருவருக்குக் கௌரவம் தடுக்கும்.

உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்வி. டாக்டர் பார்த்து எழுதித் தந்த சீட்டைக் காட்டினால் பாதிக் கவலை போகும். மீதிக்கு, அவரை ராமேஸ்வரத்துக்கு ரயிலில் வரச் சொல்லுங்கள். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. திரும்பும்போது சைக்கிளையும் ரயிலில் ஏற்றலாம். ஸ்டேஷன் பார்சல் அலுவலகத்துக்கு நேரத்தோடு போய்ப் பதிவு செய்யுங்கள், பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை ஒன்றைச் சைக்கிளில் கட்டிவிடுங்கள், விளக்குகளையும் பம்பையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டை ஏற்றி, கியரை இலேசாக்கி மூன்று வாரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் முட்டி வலி குறையவில்லை என்றால், நீங்கள் சைக்கிளில் உட்கார்ந்து பெடலை அடியில் வைத்திருக்கும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கினாலோ மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். படமும் வேண்டாம், நேரில் வாருங்கள்.